ஃபைனான்ஸ் வேலைக்கான மாடலிங் டெஸ்டில் எதைப் பார்த்து ஆளை எடுக்கிறார்கள்?

கேள்வி இது: பி.காம். முடித்து, சிஏ இண்டரும் தேறி, ஆன்லைனில் ஒரு ஃபைனான்ஷியல் மாடலிங் (கம்பெனியின் கணக்குகளை எக்ஸெல்லில் கட்டி, வரும் வருடங்களைக் கணிப்பது) கோர்ஸும் படித்த ஒருவருக்குச் சென்னையில், கம்பெனிகளின் மதிப்பைக் கணக்கிடும் வேல்யுவேஷன் டீம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. முதலில் போனில் பேசுவார்கள், பிறகு மூன்று மணி நேர எக்ஸெல் டெஸ்ட், அதன்பின் நேர்காணல். என்ன கேட்பார்கள், எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்று கேட்டிருக்கிறார். இப்படிப்பட்ட டெஸ்டுகளைத் தயாரிப்பதும் திருத்துவதும் என் வேலையில் ஒரு பகுதி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டெஸ்ட் என்றதும் பலரும் ஷார்ட்கட் கீகளை உருப்போட ஆரம்பிக்கிறார்கள். ஷார்ட்கட் தெரிந்தால் நேரம் மிச்சம், அவ்வளவுதான். யாரும் அதற்கு மார்க் போடுவதில்லை. ஓர் எண்ணை மாற்றினால் அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரிகிறதா, லாபம் காட்டிய பணம் எங்கே போனது என்று சொல்ல முடிகிறதா, பேலன்ஸ் ஷீட் டாலி ஆகாதபோது என்ன செய்கிறீர்கள் என்பவைதான் பார்க்கப்படும். அதிலும் கடைசியாகச் சொன்னதில்தான் ஆளே தெரிந்துவிடும்.

போனில் கேட்கும் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் வருவது: “தேய்மானம் 10 ரூபாய் கூடினால் மூன்று அறிக்கைகளும் எப்படி மாறும்?” லாப நஷ்டக் கணக்கு, கேஷ் ஃப்ளோ, பேலன்ஸ் ஷீட் இவைதான் அந்த மூன்று. வரி 25% என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 2.50 குறையும், நிகர லாபம் 7.50 குறையும். கேஷ் ஃப்ளோ அந்த மைனஸ் 7.50-ல் தொடங்கும். தேய்மானத்துக்காக யாருக்கும் பணம் கொடுக்கவில்லை என்பதால் 10-ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 2.50 ஏறும். பேலன்ஸ் ஷீட்டில் ரொக்கம் 2.50 கூடி, நிலையான சொத்து 10 இறங்க, சொத்துப் பக்கம் மொத்தத்தில் 7.50 குறைகிறது. மறுபக்கம் ரிசர்வ்ஸும் அதே 7.50 குறைகிறது. டாலி.

இந்தப் பதில் இணையத்தில் மனப்பாடத்துக்குக் கிடைக்கும் என்று பேனலுக்கும் தெரியும். அதனால் அடுத்து, “இந்தியக் கம்பெனிக்கு இது அப்படியே பொருந்துமா?” என்று கேட்பார்கள். நம் ஊரில் புத்தகத் தேய்மானம் 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, சொத்தின் பயன்பாட்டுக் காலத்தை வைத்துப் போடப்படுகிறது. வருமான வரிக்கான தேய்மானம் வேறு கணக்கு. சொத்துத் தொகுதிகளுக்குத் தனி விகிதங்கள், குறைந்துகொண்டே வரும் மதிப்பில். புத்தகத்தில் மட்டும் 10 கூடினால் இந்த வருடம் கட்டும் வரியில் ஒரு பைசாகூடக் குறையாது. லாப நஷ்டக் கணக்கில் 2.50 ஒத்திவைத்த வரியாக, அதாவது பிற்பாடு வரியில் மிச்சமாகப்போகும் தொகையாக வரும், நிகர லாபம் அதே 7.50 குறையும். ஆனால் கேஷ் ஃப்ளோவில் 10-ஐக் கூட்டிவிட்டு, ரொக்கமாக வராத அந்த 2.50-ஐக் கழிக்க வேண்டும். ஆக ரொக்கத்தில் மாற்றம் பூஜ்யம். சொத்துப் பக்கம் நிலையான சொத்து 10 குறைந்து, ஒத்திவைத்த வரிச் சொத்து 2.50 ஏறுகிறது, அங்கும் 7.50 குறைவு, டாலி. சிஏ இண்டர் தேறிய உங்களுக்கு இது கைவந்த சமாச்சாரம்தான். ஆனால் வீடியோவில் பார்த்த முதல் பதிலைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிற சிஏ மாணவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். படித்ததை இங்கே கொண்டுவந்து பேசுங்கள். 25% என்பது எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்திருக்கட்டும்: 2019-ல் கொண்டுவந்த புதிய விகிதப்படி 22%, அதன்மேல் 10% சர்சார்ஜ், அதற்கும் மேல் 4% செஸ், மொத்தம் 25.17%.

மற்ற வாய்க்கேள்விகளும் இதே ரகம்தான். கடன் விற்பனை 100 கூடினால் ரொக்கம் என்ன ஆகும், 50 ரூபாய்க்குச் சரக்கை ரொக்கம் கொடுத்து வாங்கினால் இந்த மாதம் லாபம் மாறுமா, லாபம் காட்டும் கம்பெனி ஏன் சம்பளம் போடத் திணறுகிறது. ரொக்கத்தைப் பின்தொடர்ந்து போனால் எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிடும்.

இனி எக்ஸெல் டெஸ்ட். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்றால் பாதி கட்டிய மாடலைக் கொடுத்து முடிக்கச் சொல்வார்கள், அல்லது வேண்டுமென்றே பிழைகள் வைத்த ஃபைலைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மூன்று மணி நேரம் என்றால் அநேகமாக மூன்று வருடக் கணக்குகளைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஐந்து வருடத்துக்கான மூன்று அறிக்கைகளையும் அதன்மேல் ஒரு டிசிஎஃப் (வருங்கால ரொக்க வரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும்) மதிப்பீட்டையும் கேட்பார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் டெஸ்டும் உண்டு. அதில் நேரம் தாராளம் என்பதால் எதிர்பார்ப்பும் அதிகம், கேள்விகளும் குடைச்சலாக இருக்கும்.

ஃபைல் என் கைக்கு வந்ததும் கடைசியில் வந்த பங்கு விலையை நான் பார்ப்பதில்லை. விற்பனை வளர்ச்சி செல்லில் இருக்கும் 10%-ஐ 0% ஆக்குவேன். வரவேண்டிய கடன் பாக்கி, சரக்கு, வரி, ரொக்கம் எல்லாம் அசைகிறதா, பேலன்ஸ் ஷீட்டின் கீழே உள்ள செக் வரிசை பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து, எண்களை மறைத்து ஃபார்முலாக்களைக் காட்டும் வியூவுக்குப் போவேன். ஒரு வரிசை முழுக்க ஒரே ஃபார்முலா ஓடும்போது நடுவில் ஒரு செல்லில் மட்டும் எண் டைப் செய்யப்பட்டிருந்தால் அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். டைப் செய்த அனுமானங்கள் நீலத்தில், ஃபார்முலாக்கள் கறுப்பில், வேறு ஷீட்டிலிருந்து இழுத்தவை பச்சையில் என்ற வழக்கத்தைக் கடைப்பிடியுங்கள். அழகுக்காக இல்லை. எது உங்கள் அனுமானம், எது கணக்கு என்று அடுத்தவர் ஒரு பார்வையிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு கறாரா என்று தோன்றலாம். அரசுக் கடன் ஜிடிபியில் 90%-ஐத் தாண்டிய நாடுகளில் வளர்ச்சி சரிந்துவிடுகிறது என்று பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-ல் எழுதினார்கள். பல நாடுகளில் சிக்கன நடவடிக்கைகளுக்கு ஆதரவாக அது எடுத்துக்காட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் படித்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களுடைய எக்ஸெல் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி போட்ட ஃபார்முலா 30-வது வரிசையிலிருந்து 49 வரை போயிருக்க வேண்டும், 44-லேயே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என ஐந்து நாடுகள் கணக்கிலேயே வரவில்லை. இதோடு, விட்டுப்போன சில வருடத் தரவுகளையும் எடை கொடுத்த முறையையும் சேர்த்துத் திருத்தியபோது, மைனஸ் 0.1% என்றிருந்த சராசரி வளர்ச்சி பிளஸ் 2.2% என்று வந்தது. அது வெளியானது 2013-ல். மூன்று வருடம் யாரும் அந்த செல்லைத் தட்டிப் பார்க்கவில்லை. சம் போட்ட ஒவ்வொரு செல்லிலும் எஃப்2 அழுத்தி அது எதுவரை போகிறது என்று பார்க்கும் கேண்டிடேட்டை எனக்கு உடனே பிடித்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

பேலன்ஸ் ஷீட் டாலி ஆகாத கட்டத்துக்கு வருவோம். மூன்று மணி நேர டெஸ்டில் இது நடக்காமல் இருப்பது அபூர்வம். கடைசிப் பத்து நிமிடம், வித்தியாசம் 84 என்று நிற்கிறது. சிலர் ‘இதர பொறுப்புகள்’ என்ற வரியில் மொத்தச் சொத்திலிருந்து மற்றதையெல்லாம் கழித்து வருவதைப் போட்டுவிடுவார்கள். செக் வரிசை பூஜ்யமாகிவிடும். இதைப் பிளக் என்போம். பிளக் கண்ணில் பட்டால் மற்ற எதுவும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அந்த ஃபைலை ஓரம் வைத்துவிடுவேன். நாளை ஒரு வாடிக்கையாளரின் கோடிக்கணக்கான ரூபாய் முடிவு அந்த ஷீட்டின்மேல் நிற்கப்போகிறது. பிழையை மறைத்தவரிடம் அதை ஒப்படைக்க முடியாது. வித்தியாசத்தை அப்படியே விட்டு, “84 வித்தியாசம் இருக்கிறது, முதல் கணிப்பு வருடத்திலேயே வருகிறது, தேய்மானம் அல்லது கடன் வரிசையில் சந்தேகம், நேரம் போதவில்லை” என்று எழுதிவைத்தவர்கள் வேலைக்கு எடுக்கப்பட்டிருக்கிறார்கள். நான் எடுத்திருக்கிறேன்.

வித்தியாசத்தைத் தேடவும் ஒரு முறை இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ளுங்கள். முதலில் வித்தியாசம் எந்த வருடத்தில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பழைய கணக்கிலேயே இருந்தால் கொடுத்த எண்களை ஏற்றும்போது தவறு நடந்திருக்கிறது. முதல் கணிப்பு வருடத்தில் 84, பிறகும் எல்லா வருடமும் அதே 84 என்றால், அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஏதோ விடுபட்டிருக்கிறது. வருடா வருடம் வளர்ந்தால் ஏதோ ஒரு வரிசை முழுக்கவே தவறு. அடுத்து 84 என்ற எண்ணையே மாடலில் தேடுங்கள். எங்காவது இருந்தால் அந்த வரியைக் கேஷ் ஃப்ளோவில் சேர்க்க மறந்திருப்பீர்கள். இல்லையென்றால் பாதியாக்கி 42-ஐத் தேடுங்கள். சரக்கு உயர்வு 42 என்று இருந்தால், கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறீர்கள். குறி மாறினால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் வரும். டிவிடெண்டை ரொக்கத்தில் கழித்துவிட்டு ரிசர்வ்ஸில் கழிக்காமல் விடுவது அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு.

வட்டிக் கணக்கில் வரும் சுழலைப் பற்றியும் கேட்பார்கள். சராசரிக் கடன்மேல் வட்டி போட்டால் வட்டி லாபத்தை மாற்றும், லாபம் ரொக்கத்தை மாற்றும், ரொக்கம் கடனை மாற்றும், கடன் மறுபடி வட்டியை மாற்றும். எக்ஸெல் எச்சரிக்கை காட்டும். டெஸ்டில் வருடத் தொடக்கக் கடன்மேல் வட்டி போட்டு, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். சராசரியைத்தான் கேட்கிறார்கள் என்றால், சுழலை நிறுத்தவும் ஓடவிடவும் 1, 0 என்று ஒரு சுவிட்ச் செல் வையுங்கள். ஒருமுறை சுழலுக்குள் பிழை நுழைந்துவிட்டால், அந்த சுவிட்ச் இல்லாமல் வெளியே எடுப்பது பெரும்பாடு.

விற்பனைக் கணிப்பில்தான் சிந்திக்கிறவர் யார் என்று தெரியும். போன வருடத்தைவிட 10% அதிகம் என்று ஐந்து வருடத்துக்கும் இழுத்துவிடுவது சுலபம். அந்த 10% எங்கிருந்து வருகிறது? ஒரு சிமெண்ட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தித் திறன் வருடத்துக்கு 1 கோடி டன், பயன்பாடு 75%, ஆக 75 லட்சம் டன். டன்னுக்குக் கைக்கு வருவது 5,000 ரூபாய் என்றால் விற்பனை 3,750 கோடி. டன்னுக்கு இபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் வரும் லாபம்) 900 என்றால் 675 கோடி. இப்படிக் கட்டினால் பேச விஷயம் கிடைக்கும். 50 கிலோ மூட்டை 20 சேர்ந்தால் ஒரு டன். கம்பெனியின் கைக்கு வரும் விலை மூட்டைக்கு 10 ரூபாய் குறைந்தால் டன்னுக்கு 200, மொத்தம் 150 கோடி. இபிட்டாவில் 22% போய்விடும். வளர்ச்சி விகிதத்தை மட்டும் இழுத்தவரால் இதைச் சொல்லவே முடியாது. பயன்பாடு 75-லிருந்து 95-க்கு ஏறினால் புது ஆலை வேண்டாமா, அதற்கான மூலதனச் செலவு எங்கே என்று அடுத்த கேள்வி வரும். ஆஸ்பத்திரி என்றால் படுக்கைகள், நிரம்பிய விகிதம், படுக்கைக்கு ஒரு நாள் வருமானம். சில்லறைக் கடை என்றால் கடைகளின் எண்ணிக்கை, சதுர அடி, சதுர அடிக்கு விற்பனை.

சென்னையில் ஒரு தனி எச்சரிக்கை தேவை. சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம், ஸ்ரீராம் என்று என்பிஎஃப்சிகள் (வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள்) நிறைந்த ஊர் இது. உங்களுக்கு அப்படி ஒரு கம்பெனியைக் கொடுத்துவிடலாம். கோர்ஸில் படித்த டெம்ப்ளேட்டைத் திறந்து இபிட்டா போட ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. கடன் கொடுக்கும் கம்பெனிக்கு வட்டிதான் மூலப்பொருள் செலவு. கடன் புத்தகத்தின் வளர்ச்சி, கொடுக்கும் வட்டிக்கும் வாங்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளி, வராக்கடன் ஒதுக்கீடு, மூலதனப் போதுமை விகிதம் இவைதான் மாடல். மதிப்பீடும் புத்தக மதிப்பையும் பங்கு மூலதனத்தின்மீதான வருமானத்தையும் சுற்றியே வரும்.

டிசிஎஃப்பில் எல்லோரும் டபிள்யூஏசிசி (கடனுக்கும் பங்கு மூலதனத்துக்கும் சேர்த்துச் சராசரியாக ஆகும் செலவு, இதுதான் டிஸ்கவுண்ட் விகிதம்) பற்றியே தயார் செய்துகொண்டு வருகிறார்கள். பேனலின் கண் கடைசி வருடத்துக்குப் பிறகான மதிப்பில் இருக்கும், ஏனென்றால் மொத்த மதிப்பில் பெரும்பகுதி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கடைசி வருட ஃப்ரீ கேஷ் ஃப்ளோ (செலவும் முதலீடும் போக மிஞ்சும் ரொக்கம்) 100, டிஸ்கவுண்ட் விகிதம் 12%, நிரந்தர வளர்ச்சி 5% என்றால் அந்த மதிப்பு 105-ஐ 7%-ஆல் வகுத்து 1,500. வளர்ச்சியை 6% ஆக்குங்கள்: 106-ஐ 6%-ஆல் வகுத்தால் 1,767. ஒரே ஒரு சதவீதப் புள்ளி, மதிப்பு கிட்டத்தட்ட 18% ஏறிவிட்டது. இதைச் சொல்லிவிட்டு, அந்த வளர்ச்சிக்கு முதலீடு எங்கே என்றும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். முதலீட்டின்மேல் 15% சம்பாதிக்கும் கம்பெனி நிரந்தரமாக 5% வளர வேண்டுமானால், வரிபோன இயக்க லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் போட்டாக வேண்டும். கடைசி வருடத்தில் மூலதனச் செலவும் தேய்மானமும் சமம் என்று வைத்துவிட்டு 5% வளர்ச்சி போட்டிருந்தால், வளர்ச்சியை இலவசமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எக்ஸெல்லின் என்பிவி (நிகர இன்றைய மதிப்பு) ஃபார்முலா முதல் எண்ணையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று போடும் முதலீட்டை அதற்குள் சேர்த்தால் விடை தவறும். அதை வெளியே தனியாகக் கூட்ட வேண்டும். எக்ஸ்என்பிவி தேதியைப் பார்த்து, முதல் தேதியை அடிப்படையாக வைத்துக் கணக்கிடும். வாடகைக் கடைகள் நிறைய உள்ள கம்பெனி என்றால் இந்த்-ஏஎஸ் 116 என்ற குத்தகைக் கணக்கு விதியை நினைவில் வையுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் பெரும்பாலான வாடகை, தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்து இபிட்டாவுக்குக் கீழே போய்விட்டது. ஏறிப்போன அந்த இபிட்டாவை மடங்கால் (ஒத்த கம்பெனிகளின் மதிப்பு இபிட்டாவைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) பெருக்கி கம்பெனியின் மதிப்பு கண்டுபிடித்துவிட்டு, கழிக்கும் கடனில் குத்தகைப் பொறுப்பை விட்டுவிட்டால் பங்கு மதிப்பு ஊதிப்போய் வரும்.

வேலைக்கு வேலை அழுத்தம் மாறும். ஈக்விட்டி ரிசர்ச்சில் விற்பனைக் கணிப்புக்கும் அதை எழுத்தில் சொல்லும் திறனுக்கும் மதிப்பு. கம்பெனிக்குள்ளேயே பட்ஜெட் போடும் வேலைக்குப் போன மாத எண்ணுக்கும் திட்டத்துக்கும் ஏன் வித்தியாசம் என்று விளக்கத் தெரிந்தால் போதும். புராஜெக்ட் ஃபைனான்ஸ் தனி உலகம். அங்கே லாபத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை; கடன் தவணைக்குக் கையில் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது என்ற டிஎஸ்சிஆர்தான் பேச்சு. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலைத் திட்டத்தை டெஸ்டாகக் கொடுத்தால், வருடக் கணக்கில் டிஎஸ்சிஆர் 1.3 என்று, அதாவது தவணையைப் போல 1.3 மடங்கு ரொக்கம் என்று அழகாக வரும். ஆனால் அங்கே காற்று பலமாக அடிப்பது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. தவணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் காற்றில்லாத காலாண்டில் பணம் பற்றாது. வருட மாடலைக் காலாண்டாகப் பிரித்து, அந்தப் பள்ளத்தைக் காட்டி, அதற்குக் கையிருப்புக் கணக்கு எவ்வளவு வேண்டும் என்று சொன்னவரை அந்த டீம் விடாது.

மூன்று மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? முதல் கால் மணி நேரம் ஒன்றும் டைப் செய்யாமல் கேள்வித்தாளையும் கணக்கையும் படியுங்கள். எண்கள் கோடியிலா லட்சத்திலா என்று பாருங்கள். இரண்டையும் கலந்துவிட்டு ஒரு மணி நேரம் திண்டாடுகிறவர்கள் உண்டு. முதலில் எளிய மாடல் ஒன்றை முழுதாக டாலி செய்துவிட்டு, பிறகு விவரங்களைச் சேருங்கள். கடன் அட்டவணையை மிக நுணுக்கமாகக் கட்டி, கேஷ் ஃப்ளோவுக்கே போகாத ஃபைலுக்கு எதுவும் போட முடியாது. கடைசி இருபது நிமிடம் சரிபார்க்கவும், முதல் ஷீட்டில் பத்து வரிக்குள் முக்கிய அனுமானங்களையும் தெரிந்த குறைகளையும் எழுதவும்.

உங்களுக்கு இன்னும் நாள் இருந்தால் இன்னொரு கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். சான்றிதழ் அழைப்பு வரை கொண்டுவரும், டெஸ்ட் அறைக்குள் உதவாது. ஏதாவது ஒரு பட்டியலிட்ட கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து, டெம்ப்ளேட் இல்லாமல் வெற்று ஷீட்டில் கட்டுங்கள். ஆண்டறிக்கையில் உள்ள கேஷ் ஃப்ளோவை, இரண்டு வருட பேலன்ஸ் ஷீட்டை மட்டும் வைத்து நீங்களே வரவழைக்கப் பாருங்கள். அப்படியே பொருந்தாது. எங்கே, ஏன் பொருந்தவில்லை என்று குறிப்புகளைப் புரட்டித் தேடும்போது கிடைக்கும் படிப்பு எந்த வீடியோவிலும் கிடைக்காது.

டெஸ்டுக்குப் பிறகான பேச்சில் உங்கள் ஃபைலையே திரையில் போட்டுக் கேட்பார்கள். அனேகமாக ஒரு கேள்வி நிச்சயம்: “இதில் உங்களுக்கே நம்பிக்கை குறைவான எண் எது?” எல்லாமே சரி என்று சொல்லாதீர்கள். சிமெண்ட் உதாரணத்தையே எடுத்தால், “டன்னுக்கு 5,000 என்பதுதான். மூன்று வருட சராசரியை எடுத்தேன், நடுவில் ஒரு வருடம் நிலக்கரி விலையோடு சேர்ந்து ஏறிய வருடம். அதை விட்டுவிட்டால் 4,800. அப்போது பங்கு மதிப்பு இவ்வளவு” என்று சொல்லி, அந்த செல்லை அவர்கள் எதிரிலேயே மாற்றிக் காட்டுங்கள்.